மூன்றாவது மாடி இல்லை என்ற தீர்மானம்

பெண்கள் விடுதிக்கு மூன்றாவது மாடி கிடையாது என்று விவாத மன்றம் நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு ஓட்டில் தீர்மானம் நிறைவேற்றிய வெள்ளிக்கிழமை மாலை, மாணவிகள் விடுதிக்குத் திரும்பியபோது மூன்றாவது மாடி இல்லை. இடிந்து விழவில்லை, எரிந்தும் போகவில்லை. ஒரு செங்கல் தூள்கூடக் கீழே கிடக்கவில்லை. தரைத்தளம், முதல் மாடி, இரண்டாவது மாடி, அதன் தலைமேல் நான்காவது மாடி என்று கட்டடம் ஒழுங்காக நின்றது. முன்பு மூன்றாவது மாடி ஜன்னல்களை உரசிக்கொண்டிருந்த மரத்தின் உச்சிக் கிளை இப்போது நான்காவது மாடி ஜன்னல்களை உரசியது. இரண்டாவது மாடியிலிருந்து இருபத்திரண்டு படி ஏறினால் நேராக நான்காவது மாடி வந்தது. பதினெட்டு அறைகள், முப்பத்தாறு கட்டில்கள், இஸ்திரி போடும் ஒரு பொது மேஜை, கொடியில் காய்ந்த துணிகள் எல்லாம் போயிருந்தன. அந்த மாடியில் தங்கியிருந்த முப்பத்தாறு பேரில் முப்பத்தைந்து பேர் விவாதம் கேட்க அரங்கத்துக்குப் போயிருந்தார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை.

இது எப்படி நடந்தது என்று புரிய அந்தக் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கிற கல்லூரி அது. வரலாறு படிக்கிறவள் பூச்சிகளைப் பற்றியும் படித்தாக வேண்டும், கணக்குப் படிக்கிறவன் நாடகத்தில் ஒரு வேஷமாவது கட்டியாக வேண்டும். மூன்று வருடம் கழித்து வெளியே வருகிறவர்களுக்கு உருப்படியாக ஒரு வேலையும் தெரியாது, ஆனால் ஏன் தெரியவில்லை என்பதை நாற்பது நிமிடம் அழகாக எடுத்துச் சொல்லத் தெரியும் என்று ஊரில் கேலி செய்வார்கள். வகுப்புகள் வட்ட மேஜையைச் சுற்றி நடந்தன. சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அங்கே பெரிய குற்றம். ஒரு கருத்தைச் சொல், சொல்ல ஒன்றும் இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் சொன்னதை மறுத்துச் சொல் என்பது எழுதாத சட்டம். இந்த வழக்கத்துக்கெல்லாம் சிகரம் விவாத மன்றம். யார் எந்தப் பக்கம் பேசுவது என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். கேட்பவர்கள் தங்களுக்கு எது சரி என்று தோன்றுகிறதோ அதற்கு ஓட்டுப் போடக் கூடாது, யார் நன்றாகப் பேசினார்களோ அவர்களுக்குத்தான் போட வேண்டும். நூறு வருடமாக இந்த விதியை யாரும் மீறியதில்லை. காதலனுக்கு எதிராக ஓட்டுப் போட்டுவிட்டு அவனோடேயே கைகோத்துக்கொண்டு வெளியே வந்த பெண்கள் உண்டு. ஒவ்வொரு கல்வியாண்டின் முதல் வெள்ளிக்கிழமையும் வேடிக்கைக்காக ஒரு அபத்தமான தலைப்பை எடுப்பார்கள். அந்த வருடத்துத் தலைப்புத்தான் மூன்றாவது மாடி.

மூன்றாவது மாடி கிடையாது என்று பேசியவளை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த மாடியிலேயே, முன்னூற்றுப் பதினான்காம் அறையில்தான் அவள் இருந்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், இவளுக்கு இருந்த வாயில் நாலு பிள்ளைகள் பிழைத்திருக்கலாம். மழை பெய்யும்போது வெயில் அடிக்கிறது என்று பேசச் சொன்னாலும் கேட்கிறவர்கள் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்கள். அன்றும் அப்படித்தான் பேசினாள். மேல் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் நான்காவது மாடியோடு தீர்ந்துவிடுகிறது, கீழே இருந்து ஏற்றும் தண்ணீர் இரண்டாவது மாடியோடு நின்றுவிடுகிறது, தண்ணீருக்கே தெரியாத ஒரு இடம் எப்படி இருக்க முடியும் என்று கேட்டாள். மூன்றாவது மாடிக் குழாய்களைப் பற்றி ஆறு வருடமாகப் புகார் புத்தகத்தில் எழுதியும் வார்டன் ஒரு பதிலும் எழுதவில்லை, வார்டன் நேர்மையான பெண்மணி, இருக்கிற ஒன்றை இல்லாதது போல நடத்துகிறவர் அல்ல, ஆகவே அது இல்லை என்றாள். வார்டனே வாய்விட்டுச் சிரித்தார். முப்பத்தெட்டு பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டது, எதிரணிப் பையன் இடையில் ஒரு பாட்டுப் பாடியதால் மட்டுமே.

அன்று அரங்கத்துக்கு வராதவள் வக்கீலின் அறைத்தோழி. அவளைப் பூச்சி என்பார்கள். தீப்பெட்டிகளில் வண்டுகளை வைத்துக்கொண்டு பெயர் எழுதி ஒட்டுகிறவள், அதனால் அந்தப் பெயர். ஒரு வருடமாக ஒரே அறை, ஒரே சோப்பு, ஒரே குடை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வட்ட மேஜையில் பூச்சி ஒரு கட்டுரை வாசித்திருந்தாள். அவள் அம்மா பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். வீட்டிலும் உதட்டுக்கு நடுவில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே தைப்பார், அதனால் சின்ன வயதில் அம்மா சொன்னதில் பாதியை மூடின வாய் வழியாகத்தான் கேட்டேன், இன்றைக்கும் தெளிவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான் என்று எழுதியிருந்தாள். வாசித்து முடித்தாள். யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும். வக்கீல் சொன்னாள். இது கட்டுரையே இல்லை, கையை நீட்டி இரக்கம் கேட்பது, குண்டூசியை எடுத்துவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்து, பத்து நிமிடத்தில் அதைக் கந்தல் கந்தலாகக் கிழித்துப் போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், பேராசிரியர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். அறைக்கு வந்ததும் வக்கீல் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உண்மையச் சொன்னா ரொம்ப நல்லா இருந்துச்சுடி" என்றாள். பூச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்புறம் எதுக்கு அப்படிப் பேசின?" என்றாள். "சும்மா, வாதத்துக்குத்தான்." அதன்பின் பூச்சி அவளோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் அரங்கத்துக்குக் கிளம்பியபோது வக்கீல் கீழே இருந்து நிமிர்ந்து பார்த்தாள். பூச்சி ஜன்னலில் நின்று தீப்பெட்டி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், கீழே பார்க்கவில்லை.

இரண்டரை மணி நேரம் கழித்து அந்த ஜன்னலும் இல்லை. முதலில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முப்பத்தைந்து பெண்களும் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். ஒருத்தி இருபத்திரண்டு படிகளையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள், அப்போதாவது பிடிபடும் என்று. வக்கீல் நான்காவது மாடித் தரையில் குப்புற விழுந்து உள்ளங்கையால் அடித்தாள், பிறகு இரண்டாவது மாடியில் நாற்காலிமேல் ஏறிக் கூரையை அடித்தாள். பூச்சி, பூச்சி என்று அவள் கத்தியது ஆண்கள் விடுதிவரை கேட்டது. விளையாட்டு வினையாகும் என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தை அன்றைக்கு அவளுக்குப் புதிதாகக் கேட்டது. வார்டன் படியில் உட்கார்ந்து, புகார் புத்தகத்தைப் புரட்டி, ஆறு வருடப் புகார்களுக்கும் அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தார். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மறுநாள் பொறியாளர்கள் வந்து நாடா பிடித்து அளந்தார்கள். கட்டடம் பதினோரு அடி குறைந்திருக்கிறது, மற்றபடி பலமாக இருக்கிறது, பயமில்லாமல் குடியிருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இயற்பியல் பேராசிரியர் உடம்பு சரியில்லை என்று ஒரு மாதம் விடுப்பில் போனார். தத்துவப் பேராசிரியருக்குத்தான் கொண்டாட்டம், முப்பது வருடமாக நான் சொன்னதை இப்போதாவது நம்புகிறீர்களா என்று எதிர்ப்படுகிற எல்லோரையும் கேட்டார். தீர்மானத்தை ரத்து செய்தால் மாடி திரும்பிவிடும் என்று முதல்வர் நினைத்தார். ஆனால் ஒருமுறை முடிவான தலைப்பை ஒரு வருடத்துக்கு மறுபடி எடுக்கக் கூடாது என்பது மன்றத்தின் விதி. முதல்வரும் அந்தக் காலத்தில் மன்றத் தலைவராக இருந்தவர்தான், விதியை மீற அவருக்கே மனம் வரவில்லை. காணாமல் போனவளின் அம்மாவுக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு ஏழு முறை கூடியது. ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கத்துக்கும் நல்ல வாதங்கள் இருந்தன. அந்த அம்மாவுக்கு யாரும் ஒரு வரி எழுதவில்லை. எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

முப்பத்தைந்து பேரும் உள் விளையாட்டரங்கத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். இரவல் துணி உடுத்தினார்கள். இரண்டு மாதத்தில் அதுவே ஒரு பெருமையாகிப் போனது. இல்லாத மாடிக்காரிகள் என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு, நாடக விழாவில் தனியாக ஒரு நாடகம் போட்டுப் பரிசும் வாங்கினார்கள். பழகப் பழகப் பாலும் புளிக்கும், மாயமும் அப்படித்தான். அரையாண்டுக்குள் புதிதாக வருகிற விருந்தினர்களுக்குக் கட்டடத்தைக் காட்டும்போதுகூட, இங்கே முன்பு ஒரு மாடி இருந்தது என்று சொல்ல மறந்துபோனார்கள்.

வக்கீல் மட்டும் மறக்கவில்லை. அவள் நான்காவது மாடியில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கட்டில் வேண்டாம் என்று தரையில் படுத்தாள். காதை வைத்துக் கேட்டால் கீழே சில நாள் தும்மல் சத்தம் கேட்டது, சில நாள் துடைப்பம் தேய்க்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது மாடியில் இருப்பவர்களும் தங்கள் தலைக்கு மேலே யாரோ நாற்காலி இழுப்பதாகச் சொன்னார்கள். அதைவிட விசித்திரமான விஷயங்களும் நடந்தன. வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்த குமாஸ்தா, பூச்சியின் பெயருக்கு நேரே ஒரு நாள் விடாமல் வந்திருப்பதாகக் குறி இருப்பதைக் கண்டுபிடித்தார். பேராசிரியரைக் கேட்டால், "பேர் கூப்பிட்டேன், உள்ளேன்னு குரல் வந்துச்சு, போட்டேன்" என்றார், சொல்லிவிட்டுப் பேயறைந்தவர் போல நின்றார். யாரோ தோழிக்காக ஆள்மாறாட்டமாகக் குரல் கொடுக்கிறாள் என்று நிர்வாகம் விசாரணை வைத்தது. எல்லோருடைய விரலும் வக்கீலையே காட்டியது. அரையாண்டுத் தேர்வில் பூச்சியின் விடைத்தாள் மற்றவர்களுடையதோடு கட்டுக்குள் இருந்தது. பூச்சியியலில் அவள்தான் முதல் மதிப்பெண். விசாரணை முடியும்வரை அந்த மதிப்பெண்ணை நிறுத்தி வைத்தார்கள்.

விடுதி வாசலில் அறைக்கு ஒன்றாகக் கடிதப் பெட்டிகள் இருந்தன. பூச்சிக்கு அவள் அம்மா வாரம் ஒரு கடிதம் போடுவார். அது திங்கட்கிழமை பெட்டிக்குள் விழும், செவ்வாய்க்கிழமை காலையில் இருக்காது. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு வக்கீலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றே அவளும் உட்கார்ந்து பூச்சிக்கு ஒரு கடிதம் எழுதிப் பெட்டியில் போட்டாள். மன்னிப்பு என்பதைப் பற்றி அதற்கு முன்பும் பின்பும் அந்தக் கல்லூரியில் யாரும் அவ்வளவு அருமையாக எழுதியதில்லை. செவ்வாய்க்கிழமை அம்மாவின் கடிதம் போயிருந்தது, இவளுடையது அப்படியே இருந்தது. அடுத்த வாரம் இன்னும் நன்றாக எழுதினாள். அதுவும் இருந்தது. வருடம் முடியும்போது நாற்பது கடிதங்கள் பெட்டியை அடைத்துக்கொண்டு கிடந்தன. வட்ட மேஜையில் தன் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல், பூச்சியின் நினைவாக அதை வருடம் முழுவதும் காலியாகவே வைத்திருந்தாள். யார் எது சொன்னாலும் மறுத்துப் பேசுவதை விட்டுவிட்டாள். பேசவே பயந்தாள் என்பதுதான் உண்மை. வாயைத் திறந்தால் இன்னும் என்னென்ன இல்லாமல் போகுமோ.

அடுத்த வருடத்தின் முதல் வெள்ளிக்கிழமை வந்தது. மூன்றாவது மாடி உண்டு என்ற தலைப்பை மன்றம் எடுத்துக்கொண்டது. சீட்டுக் குலுக்கியதில் உண்டு என்ற பக்கமே வக்கீலுக்கு விழுந்தது. அரங்கம் பெருமூச்சு விட்டது, இனி மாடி வந்த மாதிரிதான் என்று இல்லாத மாடிக்காரிகள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். எதிர்த்துப் பேச விழுந்தது புதிதாகச் சேர்ந்த முதல் வருடப் பெண் ஒருத்திக்கு. அவள் சென்ற வருடத்து உரையை நூலகத்தில் தேடிப் படித்து, வக்கீலின் வாதங்களையே இன்னும் கூராகத் தீட்டிக்கொண்டு வந்திருந்தாள். அளந்து பார்த்த பொறியாளர்களே பதினோரு அடி குறைவு என்று எழுதிக் கொடுத்த பிறகு இன்னும் உண்டு என்பவர்கள் நாடாவை மறுக்கிறார்களா, தரையை மறுக்கிறார்களா என்று அவள் கேட்டபோது கைதட்டல் அடங்கவில்லை.

வக்கீல் எழுந்தாள். பதினைந்து நிமிடம் அவளுக்கு இருந்தது. ஒரு வருடமாகத் தயாரித்த குறிப்புகள் கையில் இருந்தன. அவற்றைப் புரட்டவே இல்லை. "அங்க ஒரு பொண்ணு இருக்கா" என்றாள். அதையே இன்னொரு முறை சொன்னாள். "தூங்கும்போது காலப் போர்வைக்கு வெளிய நீட்டிக்குவா. குளிருச்சுன்னா நான்தான் மூடி விடுவேன். இப்ப யாரு மூடுறாங்கன்னு தெரியல. அங்க ஒரு பொண்ணு இருக்கா. அவ எழுதின கட்டுரை நல்லா இருந்துச்சு. அன்னிக்கே எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் அப்படிப் பேசினேன்." அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, நாலு நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாதம் இல்லை, உதாரணம் இல்லை, முன்னுக்குப் பின் தொடர்ச்சி இல்லை. அரங்கத்தில் அழாதவர்கள் இல்லை. வார்டன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுதுகொண்டே எல்லோரும் சீட்டை எழுதிப் பெட்டியில் போட்டார்கள். எண்ணிப் பார்த்தால் உண்டு என்பதற்குப் பதின்மூன்று, இல்லை என்பதற்கு எழுபத்தொன்று. நன்றாகப் பேசியவருக்குத்தான் ஓட்டு என்ற விதியை அவர்கள் அன்றும் மீறவில்லை. தலைவர் முடிவை வாசித்தார். பிறகு தலைகளை எண்ணினால் எண்பத்து மூன்றுதான் இருந்தன, சீட்டு ஒன்று அதிகம். முடிவு மாறாது என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வக்கீல் நாற்காலியை விட்டு எழவே இல்லை. தன் தோழிகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இவர்களா, இவர்களா என்று அவளுக்கு நம்ப முடியவில்லை. போன வருடம் அவள் இடத்தில் யார் அழுதிருந்தாலும் அவளும் எதிராகத்தான் போட்டிருப்பாள் என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு விடுதி வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். கையில் இரண்டு கனமான பைகள். தொழிற்சாலைக்கு ஒரு வாரம் லீவு, பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்லி, முன்னூற்றுப் பதினாலு எந்தப் பக்கம் என்று கேட்டார். வார்டன் காவல்காரரைப் பார்த்தார். குழுவின் ஏழு கூட்டங்களிலும் இந்த நிமிடத்தைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. காவல்காரர் பல வருடப் பழக்கத்தில், "மூணாவது மாடிம்மா, ஏறி வலது பக்கம்" என்று கையைக் காட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த அம்மா ஒரு பையை அங்கேயே வைத்துவிட்டு மற்றொன்றைத் தூக்கிக்கொண்டு படியேறினார். வக்கீல் பின்னாலேயே ஓடினாள். இரண்டாவது மாடியைத் தாண்டி, படி திரும்பும் இடத்தில் அந்த அம்மாவின் செருப்புக் குதிகால் தெரிந்தது. இவளும் திரும்பினாள். நான்காவது மாடி வந்தது. அங்கே யாரும் இல்லை. மேலும் கீழும் ஆறு முறை ஓடினாள், மூச்சு வாங்க வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள். வார்டன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்து அந்த அம்மா இறங்கி வந்தார், முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. "நீதான் வக்கீலா?" என்றார். இவள் தலையாட்டினாள். "சண்டை எல்லாரும் போடுறதுதாம்மா. அதுக்காக ஒரு வருஷமா? அந்த மாடியையே எல்லாருமாச் சேந்து காலி பண்ணிட்டுப் போயிட்டீங்களாமே. தினமும் கிளாசுக்கு வந்து உன் பக்கத்து நாற்காலியிலதான் உக்காருறாளாம், ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்குறதில்லையாம். பேர் கூப்பிட்டா உள்ளேன்னு சொல்றாளாம், அதோட சரி. லீவுக்கு வீட்டுக்கு வந்தப்ப அழுதா. நானே நேர்ல வந்து கேக்கலாம்னுதான் வந்தேன்."

அந்த நாற்காலி. வருடம் முழுவதும் அவள் யாரையும் உட்கார விடாத நாற்காலி. காணாமல் போனவள் என்று எல்லோரும் துக்கம் கொண்டாடியபோது, அதற்கு நாடகம் போட்டுப் பரிசு வாங்கியபோது, அவள் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அம்மா, மூணாவது மாடியே இல்லம்மா" என்றாள் வக்கீல். "தீர்மானம் போட்டாச்சு."

"யாரு போட்டது?"

"நான்தான்."

"மாடி இல்லன்னா எம்பொண்ணு எங்க இருப்பான்னு நெனச்ச?"

வக்கீல் அந்த அம்மாவின் செருப்பைப் பார்த்தாள். வார்டன் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அந்த அம்மா கோபமாகக்கூட இல்லை, களைத்திருந்தார். "நீ போட்ட லெட்டரையெல்லாம் பெட்டியில பாத்தாளாம். அவ எழுதினா நல்லாத்தான் எழுதியிருப்பா, அதனாலதான் பிரிக்கலன்னு சொன்னா. நேத்து நீ பேசினப்ப அவளும் அங்கதான் இருந்தாளாம். ரொம்ப மோசமாப் பேசினியாமே."

"ஆமாம்மா."

"அதான் இன்னிக்குக் கதவுக்குத் தாப்பா போடாம வெச்சிருக்கா. இந்தப் பையில ஒரு பக்கம் பிடி, என்னால மறுபடி தூக்கிட்டு ஏற முடியாது."

பையில் சீருடைத் துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்த படுக்கை விரிப்பு இருந்தது, கல்லாகக் கனத்தது. பையின் காதை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். அந்த அம்மா முட்டிக்குப் போட்ட தைலத்தைப் பற்றியும், தொழிற்சாலையில் நாற்காலிகள் குட்டையாக இருப்பதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தார். வக்கீல் ம் கொட்டினாள். பை முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. படி முடிந்து வலது பக்கம் திரும்பினார்கள். நீளமான தாழ்வாரத்தில் பதினேழு கதவுகளுக்கு முன்னால் ஒரு வருடத் தூசி கணுக்கால் அளவு கிடந்தது. நடுவில் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு மட்டும் பெருக்கியிருந்தது. கொடியில் முப்பத்தைந்து பேருடைய துண்டுகளும் விறைத்துப்போய்த் தொங்கின.

பூச்சி அறை வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டது கோணல்மாணலாக இருந்தது. வக்கீலுக்குப் பையைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. "உங்க எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்டி" என்றாள் பூச்சி. "தினமும். மெஸ்ல, கிளாஸ்ல, படியில. கிட்ட வந்து காதுலகூடக் கத்திப் பாத்தேன். எல்லாரும் சேந்து என்னைத் தண்டிக்கிறீங்கன்னு நெனச்சேன். நீ சொல்லிக் குடுத்து செய்றாங்கன்னு நெனச்சேன்." அவள் அழவில்லை, யாருடையதோ ஒரு செய்தியைச் சொல்வது போலச் சொன்னாள். வக்கீல் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெரியாது என்று சொல்லலாம், மாடியோடு நீயும் போய்விட்டாய் என்று நினைத்தோம் என்று சொல்லலாம், சொல்வதெல்லாம் உண்மையாகவும் இருக்கும். அவள் எதையும் சொல்லவில்லை. பூச்சி பையின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கி, "உள்ள வா, தூசி ஒட்டிக்கும்" என்றாள்.

அன்று இறங்கி வந்த பிறகு எல்லோரும் பூச்சியைப் பார்த்தார்கள். மெஸ்ஸில் அவள் தட்டோடு வந்து நின்றபோது இருநூறு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், பரிமாறுகிறவரின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அவள் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சிலர் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். சிலருக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை, அவர்களைப் பூச்சியும் கேட்கவில்லை. நிறுத்தி வைத்த மதிப்பெண்ணை நிர்வாகம் வெளியிட்டது. இல்லாத மாடிக்காரிகள் முப்பத்தைந்து பேரில் தங்கள் பெட்டியை எடுக்கப் போனவர்கள் நான்காவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள், அவளைப் பார்க்கப் போனவர்கள் அவளிடம் போய்ச் சேர்ந்தார்கள். வரும்போது பெட்டியையும் எடுத்து வந்தார்கள். வெளியே நின்று பார்த்தால் கட்டடம் அதே உயரத்தில்தான் இருந்தது, மரக்கிளையும் நான்காவது மாடியைத்தான் உரசியது. பொறியாளர்கள் இன்னொரு முறை அளந்து, மாற்றம் ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மன்றத்தின் தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவும் இல்லை. அந்த வருட விடுதிப் பதிவேட்டில் வார்டன், மாடிகள் மூன்று (ஒன்று, இரண்டு, நான்கு) என்று எழுதினார், அதற்குக் கீழேயே முன்னூற்றுப் பதினான்காம் அறையில் இருவர் என்றும் எழுதினார். முதல்வர் இரண்டையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.